வனஜா அத்தையின் வியாதிகள்

எருக்கம்பாளையத்தில் கல்லூரிச் சேர்க்கை மும்முரமாக நடக்கிற ஆனி மாதத்து மதியம் ஒன்றில், ஈரோட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸின் முன்படி வழியாக, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வனஜா அத்தை இறங்கினாள், இறங்கியதும் இருமினாள், இருமி முடித்ததும் மூச்சு வாங்கினாள், மூச்சு திரும்பியதும் இடது கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் வலது கண்ணால் தேடிப் பார்த்துவிட்டு, பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "வெற்றிப்பாதை கல்வி ஆலோசனை மையம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். அவர்கள் மாடியைக் காட்டினார்கள். படிக்கட்டில் நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவள் ஏறி வந்து கதவைத் தள்ளியபோது, உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கலாமணி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"குடிக்கறேனுங்க. உங்களைத்தான் தேடிட்டு வந்தேன். எனக்கு ஒடம்பு ரொம்ப முடியலை."

"தெரியுமுங்க," என்றாள் கலாமணி. "எழுதினது நாந்தான்."

கலாமணி அந்த மையத்தில் பல வருஷமாகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள். ஊரில் எந்த வீதியில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம் கூடவே நடந்து வரும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, எந்தப் படிப்பு, எந்த ஊர், மார்க்குக்கு எது கிடைக்கும் என்று சொல்வது முன்பெல்லாம் லேசான வேலையாக இருந்தது. பிறகு தூரத்துப் பல்கலைக்கழகங்கள் சில, படிப்புச் செலவு முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆனால் நீ யார் என்று எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதிச் சொல் என்று கேட்க ஆரம்பித்தன. நீ யார் என்று கேட்டால் எருக்கம்பாளையத்துப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். "என்னைப் பத்திச் சொல்றதுக்கு என்னங்க மிஸ் இருக்குது?" என்று நகத்தைப் பார்க்கும். கலாமணி கேட்பாள், காத்திருப்பாள், வேறு மாதிரி கேட்பாள், மறுபடி காத்திருப்பாள், மத்தியானச் சோறு ஆறிப்போகும், அப்புறம் ஏதோ ஒரு வார்த்தை விழும், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்தால் ஒரு பிள்ளை வெளியே வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு பகல். வருஷா வருஷம் வரிசை நீண்டது, பகல் நீளவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனால் புருஷன் கேட்கிற கேள்விக்குக்கூட வாய் திறந்து பதில் சொல்ல முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மையத்தின் முதலாளி மருதாசலம் செயற்கை நுண்ணறிவை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. கலாமணியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். முதலில் அது எந்தக் கல்லூரிக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று சொன்னது, இரண்டு கல்லூரிகளை ஒப்பிட்டுக் காட்டியது, பிள்ளைகளின் ஆங்கிலத்தில் பிழை திருத்தியது. சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டால் அது நல்ல துணையாகத்தான் இருந்தது. ஒருநாள் தர்ஷன் என்கிற பையன் காலையிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். கலாமணிக்குத் தலை வலித்தது. 'நெசவு ஊர், கஷ்டப்பட்ட குடும்பம், மெக்கானிக்கல் படிக்க ஆசை' என்று மட்டும் அடித்துக் கட்டுரை கேட்டாள். அது அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதியது: அவனுக்கு வனஜா என்று ஓர் அத்தை, மல்லிகை வாசம் வீசும் கூந்தல், காப்புக் காய்த்த கைகள், பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இருமி இருமி ஒருநாள் அவன் மடியிலேயே உயிரை விட்டாள், விடும்போது கனவைக் கைவிடாதே என்று சொன்னாள்.

"உனக்கு அத்தை இருக்குதா சாமி?" என்று கலாமணி கேட்டாள்.

"இல்லீங்க மிஸ். அப்பா கூடப்பொறந்தது எல்லாம் ஆம்பளைங்கதான்." அவன் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஆனா படிக்க நல்லா இருக்குதுங்க."

தர்ஷனுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் அப்பா அம்மாக்கள் படியேறி வந்து, அந்தப் பையனுக்கு எழுதின மாதிரியே எங்களுக்கும் எழுதிக் கொடுங்க என்றார்கள். சோர்ந்த கை அதே சோர்ந்த வார்த்தைகளை அடித்தது, அதுவும் அதே அத்தையைக் கொண்டுவந்து கொடுத்தது. வியாதி மட்டும் படிப்புக்குத் தகுந்தபடி மாறியது. மருந்தியல் படிக்கப் போகிற பெண்ணுக்கு அத்தையின் சிறுநீரகம் கெட்டது, கட்டடக்கலைக்குப் போகிறவனுக்கு அத்தை மாடிப்படியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள், ஒளியியல் படிக்க விரும்பிய சௌபர்ணிகாவுக்கு அத்தையின் இடது கண் போயிற்று. எல்லாக் கட்டுரைகளிலும் அவள் கடைசியில் சிரித்தபடியே செத்தாள்.

இப்போது அவள் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எருக்கம்பாளையம் அவளை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் எங்கிருந்து வந்தாள், எப்படி வந்தாள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. யார் வீட்டில் தங்குவாள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. கட்டுரையில் அவளைச் சாகடித்த ஒவ்வொரு வீட்டிலும் அவள் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் ஆகிறாள் அல்லவா, ஆகவே பேக்கரி முன்னால் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறை வந்த வீட்டில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள், கசாயம் வைத்தார்கள், உப்பில்லாமல் ஒரு குழம்பும் காரமில்லாமல் ஒரு குழம்பும் தனித்தனியாகக் கொதித்தன. ரேஷன் கடையில் அவள் பெயரைச் சேர்க்கப் போனபோது, எந்தக் கார்டில் சேர்ப்பது என்பதில் மட்டும்தான் கொஞ்சம் தகராறு வந்தது. கூடப்பிறந்தவள் இல்லாமல் இருந்த மாப்பிள்ளைகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரி செய்ய வேண்டிய இணைச்சீரைச் செய்ய அவளையே கூப்பிட்டார்கள். தலையில் கூடையைச் சுமக்க முடியாமல் அவள் தள்ளாட, இரண்டு பெண்கள் அக்கம்பக்கம் பிடித்துக்கொள்ள, நாதஸ்வரக்காரர் இருமலுக்கு இடம் விட்டு வாசித்தார். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவும் ஒரே உடம்பில் இருக்க நியாயமில்லை, ஆனால் இருக்கிறதே என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவளிடம் ஒரே ஒரு சங்கடம். திடீர் திடீரென்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "கனவைக் கைவிடாதே, உன் விடியல் உன் கைகளில்" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிடுவாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிடும். "மன்னிச்சுக்கங்க. அது தானா வாயில வருது," என்பாள்.

அவளோடு அதிகம் இருந்தது சௌபர்ணிகாதான். அவள் அப்பா சேகர் தறி ஓட்டுகிறவர், அம்மா தறிகளில் பாவு நூல் பிணைக்கப் போகிறவள். முறை முடிந்து அத்தை வேறு வீட்டுக்குப் போன பிறகும், அந்தப் பெண் காலையில் வந்து அவள் இடது பக்கமாக நின்றுகொண்டு, கண் தெரியாத பக்கத்துக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். சௌபர்ணிகாவுக்கு வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

"அத்தை, வலிக்குதா?"

"வலின்னு இல்லை அம்மிணி. களைப்பா இருக்குது. நான் சாகறதுக்குத்தான் வந்தேன். ஆனா இருமல்ல போலாம்னு பாத்தா கிட்னி உடமாட்டேங்குது, கிட்னில போலாம்னா இடுப்பு இழுத்துப் புடிக்குது. எதுல சாகறதுன்னு தெரியாம எல்லாத்துலயும் பாதி பாதி செத்துட்டு இருக்கறேன்."

சௌபர்ணிகா அவளை ஆஸ்பத்திரிப் படியில் மெல்ல ஏற்றினாள்.

சேர்க்கைக் காலம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், கலாமணியும் எழுதிக்கொண்டே இருந்தாள். அத்தை ஊருக்குள் வந்த பிறகும் வரிசை இருந்தது, எழுதினாள். அப்படி ஒரு முற்பகலில், நரம்பியல் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்காக நாலு வார்த்தை அடித்துவிட்டு, திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரப் பெஞ்சில் அத்தை டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மருந்து வாங்க சௌபர்ணிகா கீழே போயிருந்தாள். ஒரு விடியற்காலையில் பக்கவாதம் என் அத்தையின் வலது கையைப் பறித்துக்கொண்டது என்று திரை எழுதி முடித்த அந்த நொடியில், பின்னால் டம்ளர் விழுந்து உருண்டது.

கலாமணி திரும்பினாள். அத்தை தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியில், அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருளைப்போலக் கிடந்தது. சூடான டீ சேலையெல்லாம் கொட்டியிருந்தது.

"இந்தக் கை ஒண்ணுதாங்க எனக்கு நல்லா இருந்துச்சு," என்றாள், புகார் சொல்கிற குரலில்கூட இல்லை.

கலாமணி எழுந்து போய், தன் முந்தானையால் அந்த டீயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். தன் களைப்பு தீர்ந்துவிட்டது என்று இவ்வளவு நாளாக நினைத்திருந்தாள். அது தீரவில்லை, ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. திரும்பி வந்து அந்தக் கட்டுரையை அழித்தாள். அழித்ததும் அத்தையின் சுண்டுவிரல் அசைந்தது, பிறகு மோதிரவிரல், பிறகு கை முழுவதும் மெதுவாக மூடித் திறந்தது. நரம்பியல் படிக்க ஆசைப்பட்ட பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த அத்தை வேண்டாங்க மிஸ்," என்றாள்.

அன்று மத்தியானமே கலாமணி மருதாசலத்திடம் போனாள். அனுப்பிய கட்டுரைகளையெல்லாம் திரும்பப் பெறப் போகிறேன், பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டுப் பேசப் போகிறேன், அந்தந்தக் கல்லூரிக்கு நடந்ததைச் சொல்லி எழுதப் போகிறேன் என்றாள்.

மருதாசலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏனுங் கலாமணி, ஊரு ஒலகமே இதைத்தானுங்க பண்ணிட்டிருக்குது. நம்ம புள்ளைங்க மட்டும் எதுக்கு அரிச்சந்திரன் ஆகோணும்? கெடைச்ச எடம் போயிருச்சுன்னா பெத்தவங்க என்ற சட்டையைப் புடிப்பாங்க."

"புடிச்சா என்னைக் காட்டுங்க. எழுதினது நான்."

"கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்றலாங்கறீங்களா?"

"அது எதுக்குங்க? தேதி பாக்கட்டும், பிழை திருத்தட்டும், நான் மறந்து போன கேள்வி இருந்தா ஞாபகப்படுத்தட்டும். அது சொன்னதை நான் ஒருதடவை சரிபாத்துக்கறேன். என்னென்ன வேலைக்கு அதை வெச்சுக்கிட்டோம்னு கல்லூரிக்கும் சொல்லிப்புடலாம். ஆனா புள்ளை யாருன்னு அதுகிட்டக் கேக்கறது தப்புங்க. அதுக்கு எப்படித் தெரியும்? அது இந்தப் புள்ளைங்களைப் பாத்ததே இல்லையே. பக்கத்துல உக்காந்திருந்த நானே கேக்கலை."

அவர் எழுந்து போய் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே பேக்கரி பெஞ்சில் வனஜா அத்தை, அவர் சம்சாரம் கொடுத்தனுப்பிய ராகிக் கூழை இடது கையால் குடித்துக்கொண்டிருந்தாள். வலது கை இன்னும் நடுங்கியது. "என்ற வீட்டு முறை அடுத்த வாரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், "பண்ணுங்க" என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், கலாமணி கேட்டாள், காத்திருந்தாள், மறுபடி கேட்டாள், மத்தியானச் சோறு பழையபடி ஆறியது. மருந்தியல் பெண் தனக்கு மருந்தியலே பிடிக்காது, அப்பாவுக்காகத்தான் என்று சொல்லி அழுதாள். கட்டடக்கலைக்குப் போகிறவன், சாயப்பட்டறைக் கழிவு போகிற ஓடைக்கு மேலே தன் வீட்டுக் கக்கூஸை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வரைந்து காட்டினான், வரையும்போது அவன் முகமே வேறாக இருந்தது. ஒரு பையன் தன்னைப் பற்றிச் சொல்ல நிஜமாகவே ஒன்றுமில்லை, தூங்கத்தான் பிடிக்கும் என்றான், ஏன் தூங்கப் பிடிக்கும் என்று கேட்டதில், இரவு ஷிப்டில் தறி பார்த்துவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் போனது வெளியே வந்தது. ஒவ்வொரு கட்டுரை திரும்பி வந்தபோதும் அத்தையின் உடம்பிலிருந்து ஒன்று இறங்கியது. இடுப்பு நிமிர்ந்தது. கால் வீக்கம் வடிந்தது. ஊர்க்காரர்கள் காலையில் பேக்கரி முன்னால், இன்றைக்கு எது போச்சு என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். உப்பில்லாத குழம்பு முதலில் நின்றது, காரமில்லாத குழம்பு அப்புறம் நின்றது.

எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. சில கல்லூரிகள் பதிலே போடவில்லை. ஒரு கல்லூரி, நேர்மைக்கு நன்றி என்று சொல்லி இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு வீடு கட்டுரையைத் திரும்ப வாங்கச் சம்மதிக்கவே இல்லை. அந்தக் கட்டுரையில் வந்த சர்க்கரை வியாதி அப்படித்தான் அவளோடு தங்கிவிட்டது, அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு தகப்பன் மாடியேறி வந்து மருதாசலத்தின் சட்டையைப் பிடித்தே விட்டார்.

சௌபர்ணிகாவை மட்டும் கலாமணி கூப்பிடவில்லை. கூப்பிட மனசு வரவில்லை. அந்தப் பெண்ணே ஒரு காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ற கட்டுரையையும் திருப்பி வாங்கிருங்க மிஸ்."

"கண்ணு, உனக்கு எடம் உறுதியாயிருச்சு. இனி சொன்னா அவங்க எடுத்துக்கவும் எடுத்துக்குவாங்க. நல்லா யோசனை பண்ணிச் சொல்லு."

"நான் அங்க போயி, வெளிச்சம் எப்படிக் கண்ணுக்குள்ள போகுதுன்னு படிப்பேன். இங்க அத்தை தட்டுத் தடவி நடந்துட்டு இருக்கும். எனக்கு அங்க என்னங்க மிஸ் ஏறும்?"

சேகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தறிச் சத்தத்தில் பழகியவர் ஆதலால் அவர் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். அன்று மெல்லப் பேசினார். "நான் வேண்டாம்னுதாங்க சொன்னேன். ரெண்டு நாளா வீட்டுல சண்டை. பொறவு எனக்கே தோணுச்சு, அது என்ற தங்கச்சியாமா எழுதியிருக்குது. தங்கச்சி கண்ணை வித்துப் புள்ளையைப் படிக்க வெச்சான்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதுங்க."

கலாமணி எழுதினாள். இந்தக் கட்டுரை இந்தப் பெண்ணின் வாழ்க்கை அல்ல, இதை எழுதியது ஒரு கருவி, எழுதச் சொன்னது நான், தவறு என்னுடையது, பெண்ணின் சொந்தக் கட்டுரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதினாள். சொந்தக் கட்டுரையில் சௌபர்ணிகா, பாவு பிணைக்கிற தன் அம்மா, நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று வெயில் இருக்கிற இடத்துக்கெல்லாம் நாள் முழுக்க ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டே போவதை எழுதியிருந்தாள். ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது, எழுத்துப்பிழையை மட்டும் கருவி திருத்தியது. அனுப்பிய சற்று நேரத்தில் அத்தை படியேறி வந்தாள். சௌபர்ணிகாவின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, முதலில் ஒரு பக்கமாகவும் பிறகு மறு பக்கமாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் உனக்கு ஒரு மச்சம் இருக்குது அம்மிணி. நான் பாத்ததே இல்லை," என்றாள்.

பல்கலைக்கழகம் இடத்தை ரத்து செய்து, காத்திருப்போர் வரிசையில் வைத்தது. வரிசை கடைசிவரை நகரவில்லை. சௌபர்ணிகா சேலத்தில் அரசுக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அவள் சிரித்தாள், பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள், இரண்டையும் பக்கத்திலிருந்த கலாமணி பார்த்தாள். ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் அது கனவைக் கைவிடாதே மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது, சேர்க்கை ஓய்ந்தது. அத்தையிடம் கொஞ்சம் சர்க்கரையும், எங்கோ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கும் தர்ஷனின் இருமலும் மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றால் இனி சாவு வராது, எல்லோரையும்போல அவளும் கிடந்து வாழ வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊரும் முறை வைப்பதை நிறுத்திவிட்டு, ஓர் அறை பார்த்துக் கொடுத்தது. ஆனால் அவள் அதில் தங்காமல், பகலெல்லாம் மையத்துப் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் வியாதிக்காரியாக இல்லாதபோது என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம், கலாமணி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் எதிரே போட்டாள்.

"உங்களுக்கு என்னங்க புடிக்கும்?"

அத்தை திடுக்கிட்டாள். "எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அத்தை யோசித்தாள். வாய் தானாகத் திறந்து, "உன் விடியல்..." என்று தொடங்கி, தானாகவே மூடிக்கொண்டது. அவள் தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்தாள். கீழே பஸ்கள் வந்து நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிப் போயின. கலாமணிக்குக் கண்ணை இழுத்துக்கொண்டு தூக்கம் வந்தது, காலில் வலி இருந்தது, வீட்டில் துவைக்காத துணி கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வேறு மாதிரிக் கேட்டாள், காத்திருந்தாள்.

"வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்கன்னு சொன்னாங்க," என்றாள் அத்தை கடைசியில், மிகவும் சின்னக் குரலில். "அதுல எறங்கி நிக்கோணும்னு இருக்குது. ஒடம்புக்கு ஆகாது ஆகாதுன்னு யாருமே என்னைத் தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போகலைங்க."

கலாமணி கம்ப்யூட்டரை அணைத்தாள், கதவைப் பூட்டினாள். சாயப்பட்டறைச் சந்து வழியாக இரண்டு பேரும் நடந்து போய், வெயில் சாய்கிற வாய்க்கால் படித்துறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், புதுசாக, வேகமாக வந்தது. அத்தைக்கு முதலில் குளிரில் பல் கிட்டியது, பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து இருமி, இருமி மறுபடி சிரித்தாள்.

"எப்படீங்க இருக்குது?" என்று கேட்டாள் கலாமணி.

"இருங்க," என்றாள் வனஜா, கண்ணை மூடிக்கொண்டு. "சொல்றேன். கொஞ்சம் பொறுங்க."

கலாமணி அவள் கையைப் பிடித்தபடி, முழங்காலில் மோதிப் போகிற தண்ணீரில் நின்றாள்.